நெல்லுக்கா, உழவருக்கா?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தருவோம். ஒரு டன் நெல்லுக்கு அரசின் மானியம் 500 ரிங்கிட். ஒரு ஹெக்டரில் 5 டன் விளைகிறது. 1 ஹெக்டர் பயிரிடுபவருக்கு எவ்வளவு? 8 ஹெக்டர் பயிரிடுபவருக்கு எவ்வளவு? 2,500 என்றும் 20,000 என்றும் பிள்ளைகள் பிழையின்றி எழுதிவிடுவர். இவ்விருவருள் உதவி யாருக்குக் கூடுதலாகத் தேவை என்னும் வினாவைப் பயிற்றி நூல் கேட்பதில்லை. நாம் கேட்கலாமே.

விளைச்சல் அளவு என் கற்பனை, மானியம் உண்மை. கெடாவின் நெற்களஞ்சியமான மூடா வட்டாரத்தில், அணைகளின் நீரால் ஏறத்தாழ 1 இலட்சம் ஹெக்டரில் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. அங்கு விற்கப்படும் நெல்லுக்கும் டன்னுக்கு 360 ரிங்கிட்டாக இருந்த மானியம் 2024இல் 500 ஆயிற்று. குறைந்தபட்சக் கொள்முதல் விலையும் 2025இல் 1,300இலிருந்து 1,500 ஆக உயர்ந்தது.

மானியமே வேண்டா என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்நாட்டு வெள்ளரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்று 2008இல் வகுத்த உச்ச விலை 2023இலும் மாறவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350இலிருந்து 3,200 ரிங்கிட்டுக்குத் தாவியபோது, உள்நாட்டு அரிசி கடைகளில் கிடைக்காமல் அலைந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டீர்கள். நாம் மலிவாக உண்ணும் சோற்றின் விலையில் ஒரு பகுதிதான் அந்த மானியம். உழவருக்கு இடும் பிச்சையன்று.

என் மனக்குறை, கொடுக்கும் முறை பற்றியது. மானியம் எடையைப் பின்தொடர்கிறது. ஆலையில் ஈரம், பதர் என்று எடையைக் கழித்தால் நெல்லின் விலையோடு மானியமும் குறைகிறது. வெள்ளம் வந்து பயிர் அழுகினால் விற்க நெல்லில்லை. ஆகவே மானியமும் இல்லை. பேரிடர் உதவி உண்டெனினும் அது வேறு கணக்கு. மிகவும் நலிந்த பருவத்தில் மிகக் குறைவாகக் கிடைப்பதை உதவி என்பதா? தோட்டப்புறத்தில் வளர்ந்தோருக்கு இது புரியும். மழை நாளில் மரம் வெட்ட முடியாது. பால் இல்லையேல் எடை இல்லை. எடை இல்லையேல் கூலியும் இல்லை. குத்தகை உழவர் நிலையோ இன்னும் இக்கட்டானது. மானியம் ஏறினால் நில உரிமையாளர் குத்தகையை ஏற்றமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

கொடுக்கும் முறையும் தொகையளவு முக்கியமானதே. 1980 ஜனவரியில் நெல் மானியத்தைக் கூப்பனாகக் கொடுத்துச் சேமிப்பில் முடக்கியதை எதிர்த்து ஆயிரக்கணக்கான உழவர்கள் அலோர் ஸ்டாரில் திரண்டனர். அவர்கள் கேட்டது கையில் பணம்.

தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது அரசுக்குப் புதிதன்று. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தைக் குறைத்தபோது, தகுதிபெற்ற சிறு விவசாயிகளுக்கு லிட்டர் கணக்குப் பாராமல் மாதம் 200 ரிங்கிட் வழங்கப்பட்டது. நெல்லுக்கும் அவ்வாறு ஒரு பகுதியைப் பயிரிடும் குடும்பத்துக்கு நிலையான தொகையாகக் கொடுக்கலாம். டன் மானியத்திலும் முதல் 10 டன்னுக்கு உயர்ந்த வீதம், அதற்கு மேல் குறைந்த வீதம் என வகுக்கலாம். நிலம் யார் பெயரில் இருப்பினும், அப்பருவத்தில் சேற்றில் இறங்கியவர் பெயரில் பணம் சேரவேண்டும்.