நிலைக்கு வராத தேர்
ஸ்கிப்டன் வட்டாரத்துக்கு பஸ் நேரம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வடக்கு யார்க்ஷயரில் உள்ள ஸ்கிப்டன் என்ற சந்தை ஊரில் 31 வருடமாகக் குடியிருப்பவள் நான். நான்கு வருடத்துக்கு முன்னால் கண் மருத்துவர் இனிமேல் கார் ஓட்ட வேண்டாம் என்று சொன்னார். அன்று சாயங்காலமே சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ரயிலும் பஸ்ஸும்தான்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று கடிதம் எழுதினேன். கிடைத்தது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மனசில் உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது. பிள்ளைகளைப் பார்க்க இந்த நாட்டுக்கு வந்து, கார் ஓட்டத் தெரியாமல் ஜன்னலோரத்தில் பகலைக் கழிக்கும் நம் ஊர் அப்பா அம்மாக்களும் படிக்கட்டும் என்று இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன். என் மகன் இதை ஆங்கிலமாக்கி உங்களுக்கு அனுப்புவான்.

குறையைச் சொல்வதற்கு முன்னால் நிறையைச் சொல்லிவிடுகிறேன். கார் இல்லாமல் ஒரு பகல் வெளியே போய்வர ஸ்கிப்டனைப் போல வாய்ப்பான ஊர் இங்கிலாந்தில் அதிகம் இருக்காது. தெற்கே போகும் ரயிலில் ஏறினால் சால்டேர். டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி 1853-ல் திறந்த பெரிய கம்பளி ஆலையும், தொழிலாளிகளுக்காக அவர் கட்டிய தெருக்களும் அப்படியே நிற்கின்றன. 2001-ல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. ஸ்டேஷனில் இறங்கினால் ஆலை எதிரிலேயே இருக்கிறது. அதற்கு முன்பே பிங்லியில் இறங்கினால், 1774-ல் கட்டிய ஐந்தடுக்குக் கால்வாய் மதகுகளில் படகு படிப்படியாக ஏறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். கீத்லியில் இறங்கினால் அதே ஸ்டேஷனில் நீராவி ரயில் நிற்கும். நாவல்கள் எழுதிய பிரான்டே சகோதரிகள் வாழ்ந்த ஹாவொர்த்துக்கு அது கொண்டுபோய் விடும். 1962-ல் அரசு மூடிய பாதை அது. உள்ளூர்க்காரர்களே முன்னின்று 1968-ல் மறுபடி ஓடவைத்தார்கள். இன்றும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் கொடி காட்டுகிறார்கள்.

வடக்கே போனால் செட்டில் - கார்லைல் பாதை. 72 மைல் தூரம், 1876-ல் பயணிகளுக்குத் திறந்தது. ரிபிள்ஹெட் பாலத்தின் 24 வளைவுகளின் மேலே ரயில் நிதானமாகப் போகும்போது, கண்பார்வை மங்கிய எனக்கும் அந்த மேட்டு நிலத்தின் விரிவு தெரிகிறது. எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை.

இந்தப் பயணங்களில் நான் எதற்கும் பயந்ததில்லை. கீத்லியிலோ சால்டேரிலோ கால் ஓய்ந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தால் போதும், பகலில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு ரயில் வீட்டுக்கு அழைத்துப் போகும். ஒன்று தவறினால் அடுத்தது. அந்தத் தைரியம்தான் என்னை வீட்டை விட்டுக் கிளப்புகிறது.

ஆனால் யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளுக்குப் போக நினைத்தால் அந்தத் தைரியம் போய்விடுகிறது. 26 மைலில் இருக்கும் லீட்ஸ் நகரம் எனக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. 9 மைலில் இருக்கும் கிராசிங்டனுக்குக் கிளம்ப, முதல் நாள் இரவே கடிகாரத்தையும் அட்டவணையையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் எழுந்து நிற்கும் மாலமுக்குப் போகும் பஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெயில் அடிக்கும் விடுமுறை நாளில் அந்தக் குறுகிய சாலையின் இரண்டு ஓரத்திலும் கார்கள் அடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டென்ட் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் முக்கிய ரயில் பாதைகளில் இதைவிட உயரத்தில் வேறு ஸ்டேஷன் கிடையாது. ஆனால் ரயில் இறக்கிவிடும் இடத்திலிருந்து டென்ட் ஊருக்கு நான்கு மைலுக்கு மேல் மலைச்சரிவு. அந்த நான்கு மைல்தான் உங்கள் பொறுப்பு. பயணம் அறுபடுவது எப்போதும் அப்படிப்பட்ட நான்கு மைலில்தான்.

இனி என் குறை. இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசியில், பக்கத்து வீட்டு அம்மையாரைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கு ஊருக்குப் போனேன். அவருக்கு அப்போது 79 வயது. இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து முதல் தடவையாக வெளியே வந்திருந்தார். ஆற்றோரம் மெல்ல நடந்தோம். தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். சின்ன வயதில் அப்பாவோடு அதே ஆற்றில் கல் தாண்டிய கதையைச் சொன்னார். திரும்புவதற்கு 5.20 பஸ் என்று நிழற்குடையில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது. ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். 5.20 ஆனது, 5.40 ஆனது. மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. தேநீர்க் கடையும் அடைத்துவிட்டார்கள்.

கோடை அட்டவணை முடிந்து குளிர்கால அட்டவணை வந்து எட்டு நாள் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசி பஸ் 3.50-க்கே போய்விட்டது. பழைய தாளை எடுக்க யாரும் வரவில்லை. ஆட்டுக்குத் தீவனம் ஏற்றிப் போன ஒரு பண்ணைக்காரப் பெண் வண்டியை நிறுத்தி, முன்சீட்டில் எங்கள் இரண்டு பேரையும் நெருக்கி உட்காரவைத்து வீடு சேர்த்தார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு வார்த்தைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு எங்கேயும் வரவில்லை. வாருங்கள் என்று கூப்பிட எனக்கும் வாய் எழவில்லை.

நான் பிறந்த ஊர்ப் பக்கம் தேர் இழுப்பார்கள். வடம் பிடித்து வீதிக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்துவிடாது, நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் முடியும். பாதி வீதியில் தேரை விட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள். நான் வளர்ந்த கிராமத்துக்கு ஒரு நாளைக்கு மூன்றே பஸ். ஆனால் கடைசி பஸ் ராத்திரி ஊருக்குள் வந்து அங்கேயே நின்று, விடியற்காலையில் கிளம்பும். டவுனில் சாமான் வாங்கப் போனவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும், சினிமாவுக்குப் போனவர்களும் அதில்தான் திரும்புவார்கள். அது வரும் என்று தெரிந்ததால்தான் காலையில் ஊரே கிளம்பிப் போனது. ஏழை ஊரில் செய்ய முடிந்த காரியம் அது.

ஆள் ஏறுவதில்லை, அதனால் வண்டி விட முடியவில்லை என்பது நீங்கள் எப்போதும் சொல்லும் காரணம். கடைசி வண்டியில் நான்கு பேர்தான் இருந்தார்கள் என்று கணக்குக் காட்டுகிறீர்கள். அந்தக் கணக்கே தப்பு. மாலை ஆறு மணிக்கு ஒரு வண்டி நிச்சயம் என்று நம்பித்தான் காலை வண்டியிலும் மத்தியான வண்டியிலும் மக்கள் ஏறுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் களைத்துப்போய் நான்கு மணி வண்டியிலேயே திரும்பிவிடலாம். ஆனால் ஆறு மணி வண்டி இல்லையென்றால் அவர்கள் காலையில் கிளம்பியே இருக்க மாட்டார்கள். கடைசி வண்டியில் ஏறியவர்களை மட்டும் எண்ணாதீர்கள். அந்த வண்டியை நம்பி வீட்டை விட்டுப் புறப்பட்ட அத்தனை பேரையும் எண்ணுங்கள்.

சட்டம் எப்படி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 1985-ல் வந்த போக்குவரத்துச் சட்டம் 1986 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, லண்டனைத் தவிர்த்து மற்ற ஊர்களில் எந்த பஸ் எப்போது ஓடும் என்று தீர்மானிப்பதை கம்பெனிகளிடம் விட்டுவிட்டார்கள். லாபம் இல்லாத பாதைக்கு உள்ளாட்சி பணம் கொடுத்து வண்டி ஓட்டலாம், ஆனால் கட்டாயம் கிடையாது. கையில் காசு குறையும்போது முதலில் வெட்டு விழுவது மாலை வண்டியிலும் ஞாயிற்றுக்கிழமை வண்டியிலும்தான். அதே சமயம் வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மான்செஸ்டர் பெருநகரம் 2023-ல் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பஸ்கள் எல்லாவற்றையும் பொது நிர்வாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2025-ல் நிறைவேறிய பஸ் சேவைச் சட்டம் அந்த அதிகாரத்தை மற்ற வட்டாரங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்ததும் நல்ல காரியம். முதலில் 2 பவுண்டாக இருந்து இப்போது 3 பவுண்டாகியிருக்கிறது என்றாலும் நன்றியோடுதான் கொடுக்கிறேன். ஆனால் வராத வண்டிக்கு எத்தனை பவுண்டு வைத்தால் என்ன?

ஓய்வூதிய வயது வந்தவர்களுக்கு இலவச பாஸ் கொடுத்திருக்கிறீர்கள். இங்கிலாந்தின் பொது விதிப்படி வார நாளில் காலை 9.30-க்கு முன்னால் அது செல்லாது. அடிக்கடி வண்டி ஓடும் நகரத்தில் இது பெரிய விஷயமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி ஓடும் பாதையில் 9.20 வண்டியை விட்டால், போய்ச் சேரும்போதே மத்தியானம் ஆகிவிடும். திரும்பும் வண்டியும் சீக்கிரமே போய்விடுவதால் நடுவில் மிஞ்சுவது ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான். இந்த நேரத் தடையைத் தளர்த்த உள்ளாட்சிகளுக்கு உரிமை இருக்கிறது. வண்டி குறைவாக ஓடும் பாதையிலாவது தளர்த்துங்கள்.

கிராசிங்டனுக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது. 1902-ல் ஸ்கிப்டனிலிருந்து போட்ட கிளைப் பாதை அது. 1930-ல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வழியிலுள்ள குவாரி வரைக்கும் தண்டவாளம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. சுண்ணாம்புக் கல் ஏற்றிய சரக்கு ரயில் ஸ்கிப்டன் வழியாகத்தான் போகிறது. கல் வந்துபோக வழியிருக்கிறது, மனிதர் போக இல்லை. அந்த ரயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளை 1954-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது, கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஓடும் டேல்ஸ்பஸ் சேவைகளில் பலவற்றை ஒரு சமூக நல அமைப்புதான் பணம் திரட்டி நடத்துகிறது. அவர்கள் வெளியிடும் அட்டவணையில் எந்த பஸ் எந்த ரயிலோடு சேரும், எங்கிருந்து நடந்தால் எங்கே திரும்பும் வண்டி கிடைக்கும் என்று யோசித்திருப்பது தெரிகிறது. வெளியே போகிறவர் வீடு திரும்ப வேண்டும் என்று நினைத்து வகுத்த அட்டவணை அது. நன்கொடையில் நடத்துபவர்கள் இதைச் செய்யும்போது, அதிகாரமும் அலுவலகமும் உள்ளவர்கள் செய்ய முடியாதா?

செட்டில் - கார்லைல் பாதையை மூடவும் ஆள் ஏறுவதில்லை என்ற இதே காரணத்தையும் சொன்னார்கள். 1970-ல் செட்டிலையும் ஆப்பிள்பியையும் தவிர இடையில் இருந்த ஸ்டேஷன்களை மூடினார்கள். ஓடும் ரயில்களைக் குறைத்தார்கள். பிறகு ஆள் இல்லை என்றார்கள். 1980-களில் மொத்தப் பாதையையும் மூட அறிவிப்பு வந்தபோது 22,265 ஆட்சேப மனுக்கள் குவிந்தன. அதில் ஒன்று ரஸ்வர்ப் என்ற நாயுடையது. அதன் சொந்தக்காரர் அதற்கும் டிக்கெட் வாங்கித்தான் ரயிலில் கூட்டிப் போவார். டிக்கெட் எடுத்த பயணி என்பதால், மனுவில் அது பதித்த கால்தடமும் ஆட்சேபமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1989 ஏப்ரலில் பாதை மூடப்படாது என்று அரசு அறிவித்தது. அடுத்த வருடம் ரஸ்வர்பின் சொந்தக்காரர் வேல்ஸ் மலையில் நடக்கப் போன இடத்தில் இறந்துபோனார். பதினொரு வாரம் குளிரில் அவர் உடலுக்குப் பக்கத்திலேயே ரஸ்வர்ப் காவல் இருந்தது. கார்ஸ்டேல் ஸ்டேஷனில் அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த நடைமேடையில் நிற்கும்போதெல்லாம் அதன் தலையைத் தொட்டுவிட்டு வருவேன்.

நானும் டிக்கெட் எடுத்த பயணிதான். நான் கேட்பது புது ரயில் பாதை இல்லை. பள்ளத்தாக்கு ஊர் ஒவ்வொன்றிலிருந்தும், குளிர்காலம், ஞாயிற்றுக்கிழமை உட்பட, பொழுது சாய்ந்த பிறகு ஸ்கிப்டனுக்குத் திரும்ப ஒரு வண்டி வேண்டும். ரயில் பத்து நிமிடம் தாமதமானால் அந்த வண்டி ஸ்டேஷன் வாசலில் காத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மலையூர் பஸ்களை ரயில் நேரத்தோடு சேர்த்தே வகுக்கிறார்கள். கடைசி வண்டி ஓடவில்லை என்றால் நிறுத்தத்தில் நிற்பவர்களை டாக்சி வைத்தாவது வீடு சேர்ப்பது உங்கள் பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள். அட்டவணை மாறும் நாளில் ஒரு ஆளை அனுப்பி நிழற்குடைகளில் புதுத் தாள் ஒட்டச் சொல்லுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு வாளிப் பசையும் ஒரு நாள் கூலியும் போதும்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கு இப்போது 81 வயது. அந்த ஆற்றை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று போன வாரம் வேலியோரம் நின்று சொன்னார். திரும்பி வர வண்டி உண்டா என்று கேட்டார். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கிப்டனிலிருந்து ஒரு பயணி