கரகரப்பைப் பழக்கும் பெட்டி



திருவிழா நாள்களில் ஒலிபெருக்கி கரகரத்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒலிபெருக்கிக்காரரை அழைத்து, 'சத்தத்தைக் குறையுங்கள், பெட்டி கிழிகிறது' என்று கண்டிக்கிறோம். அந்தக் கரகரப்பையே விலை கொடுத்து வாங்குவோரும், இரவெல்லாம் கண்விழித்துத் தாமே செய்துகொள்வோரும் உண்டு என்றால் நம்மில் மூத்தவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். மின்கித்தார் வாசிக்கும் இளைஞர்கள் 'ஃபஸ்' என்று கூறும் சிறு பெட்டி அத்தகையது. காலால் மிதித்து இயக்குவதால் அதற்கு 'ஃபஸ் பெடல்' என்று பெயர். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே உள்ள நமது வேப்பம்பட்டிலேயே அத்தகைய பெட்டி ஒன்று வீட்டில் உருவாகியிருப்பதால், இம்மாதம் அதைக் குறித்து எழுத விழைகின்றோம்.

இதன் பிறப்பே ஒரு பழுதில்தான். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகருக்காக ஒரு பாடல் பதிவாயிற்று. கிரேடி மார்ட்டின் என்பவர் தாழ்சுரக் கித்தாரை வாசித்தபோது, ஒலிக்கலவை மேசையில் ஒரு பகுதி கெட்டுப்போய், கித்தார் ஓசை தேனீக்கூட்டம்போல் இரைந்தது. அழித்துவிட்டு மறுபடியும் பதிவு செய்திருக்கலாம். அவர்கள் அதை அப்படியே விட்டார்கள். 1961-ல் இசைத்தட்டு வெளிவந்தது; மக்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தப் பதிவின் பொறியாளர் கிளென் ஸ்நாடி, கெட்டுப்போன அப்பகுதி செய்த வேலையை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே செய்விக்க ஒரு சுற்றினை வகுத்தார். கிப்ஸன் நிறுவனம் 1962-ல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று சந்தைக்குக் கொணர்ந்தது. இலண்டனில் 1964-ல் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் இன்னும் எளிய வழியைக் கண்டார். தம் சிறு ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவரக் கத்தியால் கீறிவிட்டார்! அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றில் ஃபஸ் ஒலித்தபின் உலகெங்கும் அதற்குக் கிராக்கி உண்டாயிற்று. 1966-ல் இலண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வட்ட வடிவில் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் பெட்டியே இன்றுவரை வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் மாதிரி.

மேனாட்டார் கிறுக்கு என்று இதைத் தள்ளிவிட முடியுமா? நம் தம்புராவைப் பாருங்கள். குதிரையின்மேல், தந்திக்கு அடியில், ஒரு சிறு நூலை வைக்கிறோம். எதற்காக? தந்தி குதிரையைத் தொட்டும் தொடாமலும் இரைவதற்காக. நூல் மயிரிழை நகர்ந்தால் தம்புரா ஊமையாகும். சரியான இடத்தில் நின்றால் ஒரே தந்தியில் பல சுரங்கள் எழும். மீட்டுபவர் செவியால்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார். ஃபஸ் பெட்டி செய்பவரின் வேலையும் ஏறத்தாழ இதுவே.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பழங்கதை உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த அந்நாளில் வெளிநாட்டுக் கருவிகளை வாங்குவது எளிதன்று. ஆயினும் 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் நடந்த 'சிம்லா பீட்' போட்டிகளில் பங்குபெற்ற இந்தியக் குழுக்களின் இசைத்தட்டுகளில் ஃபஸ் கித்தாரின் இரைச்சல் தாராளமாகவே கேட்கிறது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-லேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கிவிட்டதால், மூலப்பொருள் மட்டும் நம் வீட்டு வானொலிப் பெட்டிகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது எனலாம்.

அப்படி உறங்கிய வானொலி ஒன்றே இங்கு வழக்காயிற்று. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு தொழிற்கூடத்தில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் நம் பங்கு இளைஞர் ஒருவர், ஐ.டி.ஐ. படித்தவர். ஃபஸ் பெட்டி செய்ய விரும்பி, வீட்டுப் பரணில் இருந்த பழைய வானொலியைத் திறந்து, அதன் கடைநிலையிலிருந்த இரண்டு ஏ.சி. 128 டிரான்சிஸ்டர்களைக் கழற்றிவிட்டார். அவருடைய தாயார் நம்மிடம் வந்து முறையிட்டார்: 'அவங்க அப்பா வாங்கின ரேடியோ, சாமி. பாடலேன்னாலும் அது அங்க இருந்துச்சு.' மகனோ, 'கேட்டா குடுத்திருக்கமாட்டாங்க சாமி' என்றார். இதைக் காட்டிலும் தெளிவான குற்ற ஒப்புதல் வேண்டுவதில்லை! ஆறு மாதத்தில் அந்த வானொலியை மீண்டும் பேசவைப்பதாக அவர் தாயாரிடம் சொல்லியிருக்கிறார். பழைய டிரான்சிஸ்டரின் இடத்தில் புதிய வகையை வைத்தால் அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும் மாற்றவேண்டும் என்பதால், அது சிறு வேலையன்று. தாயாரின் பக்கமே நியாயம் என்பது நம் கருத்து. எனினும் மகன் அந்த இரண்டு உலோகக் குப்பிகளைக் கொண்டு என்ன கற்றார் என்பதையும் கேட்டறிந்தோம்.

ஃபஸ் ஃபேஸ் சுற்றில் மொத்தம் 11 உறுப்புகளே உள்ளன: 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கண்டன்சர், திருகும் கட்டுப்பாடுகள் 2. மின்சாரம் தருவது ஒரு 9 வோல்ட் பேட்டரி. கித்தாரிலிருந்து வரும் மெல்லிய அலையை முதல் டிரான்சிஸ்டர் பெருக்குகிறது. இரண்டாவது மேலும் பெருக்குகிறது. 9 வோல்ட்டுக்குமேல் உயர வழியில்லாத அலை, உச்சியில் தட்டையாக வெட்டுண்டு போகிறது. குன்றுபோல் வளைந்திருந்த அலை மேசைபோல் ஆகிறது. அந்த வெட்டு விளிம்புகளிலிருந்தே புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. வெட்டு மேலும் கீழும் ஒத்து அமையவேண்டுமானால், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் ஏறத்தாழ 4.5 வோல்ட், அதாவது பேட்டரியில் பாதி, நிற்கவேண்டும். அது பெரிதும் விலகினால் ஓசை துப்பித் துப்பி வரும்; மெல்ல மீட்டிய சுரம் எழுமுன்னே மடிந்துவிடும்.

வரைபடத்தில் காட்டிய மதிப்புகளை அப்படியே வைத்து அவர் ஈயம் வைத்து முடித்தார். இரவில் பெட்டி பாடியது. மறுநாள் பகலில், ஷீட்டுக் கூரையின்கீழ், அதே பெட்டி தொண்டை நெரிபட்டதுபோல் விக்கியது. இணைப்புகளை மூன்று முறை சரிபார்த்தும் தவறு ஒன்றுமில்லை.

காரணம் ஜெர்மானியத்தின் இயல்பே. டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு ஒன்றும் கொடுக்காதபோதும் அதன் வழியே சிறிது மின்னோட்டம் கசிகிறது. வெப்பம் 10 டிகிரி உயரும்தோறும் அக்கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 25 டிகிரியில் 100 மைக்ரோ ஆம்பியர் கசிவதாகக் கொண்டால், 35 டிகிரியில் 200, 45 டிகிரியில் 400. இச்சுற்றில் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவே மின்சாரம் வருவதால், அதில் ஓடக்கூடியது ஏறக்குறைய 250 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. கசிவு அதனை எட்டும்போது, கித்தாரின் அலைக்குக் கீழ்ப்படிய அந்த டிரான்சிஸ்டரிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இலண்டனின் குளிருக்கு வகுத்த மதிப்புகள் அவை; அக்கினி நட்சத்திரத்தில் திருவள்ளூர் மாவட்டத்து ஷீட்டுக் கூரையை அவர்கள் எங்கே கண்டார்கள்?

ஆகவே அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பேஸ் காலை எதனோடும் இணைக்காமல் கசிவை அளந்து பார்த்ததில், வானொலியிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று மிகையாகக் கசிந்தது. மலிவான மீட்டர்கள் கசிவையும் சேர்த்துப் பெருக்கமாகக் காட்டுவதால், கெட்டதே முதலில் நல்லதாகத் தோன்றியிருக்கிறது. விரல்களால் பற்றினாலே அளவு மளமளவென்று ஏறுவதை நமக்கும் காட்டினார், வியப்பாகவே இருந்தது. சனிக்கிழமைகளில் மின்ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று பழைய சரக்கில் தேடினார். பெயரை மட்டும் அச்சடித்த போலிகளும் விற்கப்படுவதால், ஒவ்வொன்றையும் வீட்டில் ஆறவைத்து அளக்கவேண்டியதாயிற்று. கசிவு 200 மைக்ரோ ஆம்பியருக்குள்ளும், உண்மையான பெருக்கம் முதலாவதற்கு 70, 80 அளவிலும், இரண்டாவதற்கு 110 முதல் 130 வரையிலும் இருப்பதே நல்லது என்பது இத்தொழிலில் பழகியோரின் வழக்கம். பிறகு 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் திருப்புளியால் திருப்பக்கூடிய 20 கிலோ ஓம் பிரிசெட் ஒன்றை வைத்தார். தம்புராவின் நூலை நகர்த்துவதைப்போல, இதைத் திருப்பித் திருப்பிச் செவியால் இடம் காணலாம்.

இத்தனை தொல்லை எதற்கு, சிலிக்கான் டிரான்சிஸ்டர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு தேநீரின் விலைக்குள் கிடைக்கும் பி.சி. 547 வகை வெப்பத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. அவர் அதையும் செய்து பார்த்தார். மிதித்தவுடன் கித்தாரோடு சேர்த்து நடுவலை வானொலியின் செய்தியறிக்கையும் கேட்டதாம்! பல நூறு மடங்கு பெருக்கும் சிலிக்கான், நீண்ட கம்பியில் சிக்கும் வானொலி அலையையும் பிரித்துப் பாடிவிடுகிறது. முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே 100 பிக்கோஃபாரட் கண்டன்சர் ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் அலுமினிய மதிய உணவு டப்பாவுக்குள் அடைத்து, டப்பாவையும் சுற்றின் பொதுக் கம்பியோடு இணைத்தபின் செய்தி வாசிப்பவர் ஓய்ந்தார். இரண்டு பெட்டிகளையும் நமக்கு வாசித்துக் காட்டினார். சிலிக்கான் தகரத்தை அறுப்பதுபோல் இருந்தது. ஜெர்மானியம் தொண்டை கட்டிய பாகவதர் பாடுவதுபோல் இருந்தது. பாகவதரையே நாம் விரும்பினோம். இளைஞர்களில் பலர் தகரத்தின் பக்கம் நின்றார்கள்.

வாசிக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. ஐந்தாறு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஃபஸ் பெட்டி எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். சட்சமும் பஞ்சமமுமாக இரண்டு சுரங்களை மட்டும் மீட்டினால் மலைபோல் நிற்கும். இதனாலேயே, முழுக் கூட்டுச்சுரங்களை நம்பியிருக்கும் நமது கோயில் பாடல்களுக்கு இது ஒத்துவராது என்று பாடகர் குழுவினரிடம் சொல்லியிருக்கிறோம். அவர்கள் அரைமனத்தோடு தலையசைத்தார்கள். கித்தாரின் ஒலியளவைச் சற்றே குறைத்தால் கரகரப்பு விலகிக் கண்ணாடிபோல் தெளிந்த ஓசை வருவதும் இச்சுற்றின் தனிச்சிறப்பு. அதற்குப் பெட்டி கித்தாரை ஒட்டி முதலாவதாக இருக்கவேண்டும். இடையில் வேறு பெட்டிகள் புகுந்தால் அந்த நயம் போய்விடும். ஏ.சி. 128 வகையில் பேட்டரியின் நேர்முனையே பொதுக் கம்பியாவதால், மற்றப் பெட்டிகளோடு ஒரே அடாப்டரில் இணைப்பது கூடாது.

இப்போது அந்த ஜெர்மானியம் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதன் வழியே பிரிசெட்டைத் திருப்பலாம். துளையைச் சுற்றி ஆணியால் கீறி மூன்று கோடுகள் இட்டிருக்கிறார். அவற்றின் அருகே 'மார்கழி', 'ஆடி', 'சித்திரை' என்று எழுதியிருக்கிறது. சித்திரைக் கோட்டை இடுவதற்கு அவர் பிற்பகல் இரண்டு மணிவரை காத்திருந்தாராம்.