றிப்போட்டில் ஒன்றுமில்லை, வயிற்றில்தான் எல்லாம்

றிப்போட் நெகட்டிவ் என்று வந்தால் சந்தோசப்பட வேணும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் மூன்று பேருக்குக் கடந்த இரண்டு வருசத்துக்குள் அப்படி வந்தது. மூன்று பேருமே சந்தோசப்படவில்லை. பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. கொத்துரொட்டி சாப்பிட்டால் அடுத்த நாள் முழுக்கக் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடைதான். தலை பாரமாகி ஒரு யோசனையும் ஓடாது. கோதுமையை விட்டால் நாலைந்து நாளில் உடம்பு லேசாகிவிடும். ஆனால் கடதாசியில் ஒன்றுமில்லை. அந்தக் கடதாசியோடு வீட்டுக்கு வந்தால் கேள்வி தயாராக இருக்கும்: "அப்ப ஏன் இன்னும் பாண் வேண்டாமெண்டுறாய்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம். எங்கள் பதில் இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காது. "ரெஸ்ற்றில இல்லையெண்டால் உனக்கு ஒண்டுமில்லை" என்பது பிழை. "ரெஸ்ற் என்ன சொன்னாலும் எனக்குக் குளூட்டன் சரிவராது" என்று நாலு வீடியோவைப் பார்த்துவிட்டு அடித்துச் சொல்லுவதும் பிழைதான்.

முதலில் ரெஸ்ற்றின் கதை. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் இருக்கிற புரதம். மாவைக் குழைத்தால் இழுபடுவதும் பாண் பொங்கி எழும்புவதும் அதனால்தான். சிலருடைய உடம்பு இந்தப் புரதம் உள்ளே போனதும் தன்னுடைய சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். அதுதான் சீலியக் நோய். உலக அளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. இதைக் கண்டுபிடிக்க இரத்தத்தில் ரி.ரி.ஜி. என்ற பிறபொருளெதிரியைப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிறார்கள்.

இதில் எங்களுக்கு ஒருத்தரும் முதலே சொல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லும். சோதனைக்கு முதல் குறைந்தது 6 கிழமை, ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்துக்கு மேல் கோதுமைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டல். இரண்டு மூன்று மாதம் பாணை விட்டு, உடம்பு தேறின பிறகு போய் இரத்தம் கொடுத்தால், வருத்தம் இருக்கிறவருக்கும் நெகட்டிவ் வரலாம். இன்னொன்றும் உண்டு. வழக்கமாகப் பார்ப்பது ஐ.ஜி.ஏ. வகைப் பிறபொருளெதிரியை. சிலருக்கு உடம்பிலேயே ஐ.ஜி.ஏ. குறைவு. வருத்தம் இருந்தாலும் அவர்களுடைய இரத்தத்தில் அது தெரியாமல் போகலாம். ஆகவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்களில் ஒருத்தி இதையெல்லாம் வாசித்துவிட்டு, இரண்டாம் தரம் 6 கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு பாண் சாப்பிட்டு, மொத்த ஐ.ஜி.ஏ.யும் எழுதுவித்து ரெஸ்ற் எடுத்தாள். அந்த 6 கிழமைக்குள் அவள் கம்பசுக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணலாம். திரும்பவும் நெகட்டிவ்.

சரி, சீலியக் இல்லை. சாப்பிட்ட கையோடு தடிப்பதும் வாய் வீங்குவதும் மூச்சு முட்டுவதுமாக வருகிற கோதுமை அலர்ஜி வேறு. அதற்கும் தனிச் சோதனை உண்டு, அதுவும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் கோதுமையால் அவதிப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்திய உலகமே ஒப்புக்கொண்டு ஒரு பெயரும் வைத்திருக்கிறது: சீலியக் அல்லாத குளூட்டன் உணர்திறன். ஆனால் அதைக் காட்டுகிற இரத்தச் சோதனை இன்றுவரை கிடையாது. 2015இல் நிபுணர்கள் வெளியிட்ட சலேர்னோ முறை என்று ஒன்று இருக்கிறது. சாப்பிடுகிறவருக்கும் தெரியாமல், கொடுக்கிறவருக்கும் தெரியாமல், குளூட்டன் உள்ளதையும் இல்லாததையும் கிழமைக் கணக்கில் மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றரைக்கு உள்ளே போய், இரண்டு நிமிசத்தில் வெளியே வருகிற கிளினிக்கில் இதை எதிர்பார்க்க ஏலாது. அதற்காக டொக்டர்மாரைத் திட்டவும் மாட்டோம். ஆனால் "இந்தச் சோதனையில் சீலியக் இல்லை" என்பதும் "உங்களுக்கு ஒண்டுமில்லை" என்பதும் ஒரே வசனமில்லை. எங்களில் ஒருத்திக்குக் கிடைத்தது மூன்றாவது வசனம்: "கலியாணம் கட்டினால் சரியாயிடும்."

வேடிக்கை என்னவென்றால், சாப்பாட்டு விசயத்தில் றிப்போட் கேட்கிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இருந்ததே இல்லை. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, அன்னாசி சூடு, மரவள்ளி வாய்வு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். அம்மம்மா "எனக்குக் கணவாய் கடிக்கும்" என்று சொன்னால் "ரெஸ்ற் எடுத்தனீங்களோ?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பேசாமல் அவவுக்கு வேறு கறி வைப்பார்கள். கோதுமை என்று வந்தவுடன் மட்டும் கடதாசி ஏன் தேவைப்படுகிறது? எங்களுக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். குளூட்டன் என்ற சொல் லீவில் வந்த கனடா மாமியின் சூட்கேசோடு வந்து இறங்கின சொல். அது இங்கே வருத்தமாகக் கேட்பதில்லை, ஸ்ரைலாகக் கேட்கிறது.

"எல்லாம் உன்ரை மனசுதான்" என்பதற்கு வருவோம். இதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. கோதுமை சரிவராது என்று நம்புகிற 83 பேரை வைத்து இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்குக் குளூட்டன் இருக்கிறது என்று சொல்லி உண்மையிலேயே கொடுத்தார்கள். சிலருக்கு இருக்கிறது என்று சொல்லி இல்லாததைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லி இதே மாதிரி. இருக்கிறது என்ற எதிர்பார்ப்பும் குளூட்டனும் சேர்ந்த இடத்தில்தான் வயிறு ஆகக் கூடக் குழம்பியது. எதிர்பார்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. ஆனால் குழம்பினது உண்மையான வயிறு. ஏ.எல். சோதினை மண்டபத்துக்குள் போக முதல் கக்கூஸ் தேடி ஓடின எவருக்கும் இது விளங்கும். மனசுதான் என்று சொல்லுகிறவர்கள் மனசுக்கு ஒரு வழி சொல்வதில்லை. பேச்சை முடிப்பதற்குத்தான் அந்தச் சொல்லைப் பாவிக்கிறார்கள்.

இனி மற்றப் பக்கத்துக்கு. கோதுமைக்குள் குளூட்டன் மட்டும் இல்லை. மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2011இல் 34 பேரை வைத்து, சீலியக் இல்லாதவர்களின் வயிற்றையும் குளூட்டன் குழப்புகிறது என்று காட்டியது. அதே குழு 2013இல் 37 பேருக்கு, குடலில் புளித்து வாய்வு உண்டாக்குகிற மாச்சத்து வகைகளை முதலில் குறைத்துவிட்டு, பிறகு குளூட்டனைக் கொடுத்துப் பார்த்தது. குளூட்டனால் தனியே ஒரு பாதிப்பும் தெரியவில்லை. தாங்கள் சொன்னதைத் தாங்களே திரும்பச் சோதித்த அந்தக் குணம் எங்களுக்கு நல்லாப் பிடித்திருக்கிறது. 2018இல் வெளியான நோர்வே ஆய்வில் 59 பேருக்குக் குளூட்டனையும், பிரக்டன் என்ற மாச்சத்தையும், இரண்டும் இல்லாததையும் தானியக் கட்டிகளுக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள். வயிற்றை ஊதச் செய்தது பிரக்டன். அது கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் உள்ளியிலும் லீக்சிலும்கூட இருக்கிறது.

எங்கள் கோப்பையைப் பார்த்தால் இது சின்ன விசயமில்லை. கொத்துரொட்டியில் ரொட்டி மட்டுமா இருக்கிறது? லீக்சும் வெங்காயமும் போட்டுத்தானே தட்டுகிறார்கள். பாணுக்குச் சம்பல், சம்பலுக்குச் சின்ன வெங்காயம், பக்கத்தில் உள்ளி போட்ட பருப்பு. "பாணை விட்டன், சுகமாயிட்டுது" என்கிறவர் பாணோடு சேர்த்து எதையெல்லாம் விட்டார் என்று யாருக்குத் தெரியும்? எங்களில் ஒருவன் வெங்காயம், உள்ளி, லீக்ஸ் மூன்றையும் ஒரு மாதம் ஒதுக்கிப் பார்த்தான். இப்போது அவனுக்குக் காலையில் இரண்டு துண்டுப் பாண் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. (வெங்காயம் போடாததைச் சம்பல் என்று சொல்லலாமா என்பது வேறு பிரச்சினை.) மற்ற இரண்டு பேருக்கும் அப்படிச் சரிவரவில்லை. வெறும் ரொட்டியே ஏலாது.

அந்த இரண்டு பேரிடமும் "சோறுதானே சாப்பிடுறனீங்கள், உங்களுக்கென்ன கஸ்டம்?" என்று கேட்கிறார்கள். மத்தியானம் சரி. காலையும் இரவும்? யாழ்ப்பாணத்து வீடுகள் பலதில் தோசைக்கு உழுந்தோடு சேர்வது கோதுமை மா. வெள்ளை இடியப்பம் அவித்த கோதுமை மா. அரிசிமாப் புட்டு என்பார்கள், மெதுவாக வரட்டும் என்று ஒரு சுண்டு கோதுமை மா கலந்திருக்கும். ரவை கோதுமை, சேமியா கோதுமை. கடைப் பெருங்காயத்தூளில் கோதுமை மா சேர்ப்பது உண்டு. சோயா சோசிலும் உண்டு. ஆரும் சுகமில்லாமல் கிடந்தால் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோவது கிறீம் கிறக்கரும் மோல்ட் மாவும். மோல்ட் பார்லியில் இருந்து வருவது. வயிறு சரியில்லை என்றாலே பாணும் பிளேன்ரீயும்தான் எங்கள் ஊர் மருந்து.

இத்தனைக்கும் கோதுமை எங்கள் வயல்களில் விளைவதில்லை. கப்பலில் வந்து திருகோணமலை சீனக்குடாவில் அரைபடுகிறது. 1970களில் பாணுக்கு விடியமுதல் வரிசையில் நின்ற கதையைத் தாத்தாமார் சொல்வார்கள். இடம்பெயர்ந்த இடங்களில் நிவாரணம் என்றால் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். 2009இல் செட்டிகுளம் முகாம்களிலும் அந்த மாதான். மலையக லயங்களில் ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் தலைமுறை தலைமுறையாக வருகிற சாப்பாடு. அங்கே ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே சீலியக் இருந்தால் ஆர் கண்டுபிடிப்பது? இரத்தம் காணாது என்று இரும்புக் குளிசையும், வளர்த்தி காணாது என்று திரிபோஷாவும் கொடுத்து அனுப்பிவிடலாம். பிள்ளை திரும்பிப் போய் ரொட்டிதான் சாப்பிடும். எங்களுக்காவது இணையத்தில் தேட ஒரு போனும், தனியார் லாப்புக்குக் கொடுக்கக் காசும் இருந்தது.

சீலியக் நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிலைநாட்டியதே ஒரு யுத்தகாலக் கதைதான். வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியருக்கு யுத்தத்துக்கு முதலே கோதுமையில் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் கிடைக்காமல் போனது. நாடே பட்டினி கிடக்க, இந்த வருத்தம் இருந்த பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் பழையபடி விழுந்தார்கள். 1950இல் அவர் இதை ஆய்வேடாக எழுதினார். இரத்தச் சோதனை வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. கடதாசி இல்லாத காலத்தில் அவர் அந்தப் பிள்ளைகளின் வயிற்றை நம்பினார். நம்பினதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார். எங்களுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

அதனால் உங்களுக்கும் இப்படியிருந்தால், பாணை விட முதல் ரெஸ்ற் எடுங்கோ, விட்ட பிறகு இல்லை. காரணமில்லாமல் மெலிந்தாலோ, மலத்தோடு இரத்தம் போனாலோ, நித்திரையில் எழுப்புகிற வயிற்றோட்டம் இருந்தாலோ, இரத்தசோகை மாறாமல் நின்றாலோ, நெகட்டிவ் கடதாசியோடு வீட்டில் இருக்காமல் திரும்ப டொக்டரிடம் போங்கோ. அவை கோதுமையோடு மட்டும் முடிகிற விசயங்களாக இராது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஒரு கொப்பியில் சாப்பிட்டதையும் வயிற்றையும் எழுதுங்கோ. ஒரு மாதம் விட்டுப் பார்த்து, பிறகு கட்டாயம் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கோ. திரும்பச் சாப்பிடாமல் விட்டால் எது செய்தது என்று ஒருநாளும் தெரியாது. இன்றைக்குக் கோதுமை, நாளைக்குப் பால், நாளையிண்டைக்குப் பருப்பு என்று கடைசியில் கோப்பையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் எங்களுக்குள்ளேயே கதைத்து முடிவெடுத்தோம். எங்களுக்குச் சீலியக் என்று ஒருத்தரிடமும் சொல்லுவதில்லை. சீலியக் உள்ளவருக்கு ஒரே கத்தியில் ஒட்டின பாண் துகளும் கெடுதல். எங்களுக்கு அப்படியில்லை. சீலியக் என்று சொல்லிவிட்டுப் பிறந்தநாள் வீட்டில் ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டால், அடுத்ததாக வருகிற உண்மையான நோயாளியை ஆரும் நம்பமாட்டார்கள். "கோதுமை எனக்குச் சரிவராது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொழும்பு சுப்பர் மார்க்கெற்றில் விற்கிற குளூட்டன் இல்லாத வெளிநாட்டுப் பாண் எங்களுக்குத் தேவையில்லை, கட்டுப்படியாகவும் இல்லை. சிவப்பரிசி மா, குரக்கன், ஒடியல் எல்லாம் இங்கேயே கிடக்கிறது. ஆனால் எங்களுக்கென்று தனியாக இன்னொரு நீத்துப்பெட்டி வைப்பது ஆர்? விடிய ஐந்து மணிக்கு எழும்புகிற அம்மாதான். பத்தியம் எங்களுக்கு, வேலை அவவுக்கு என்றால் அது சரியில்லை. இப்போது மூன்று பேரும் மாவறுக்கப் பழகியிருக்கிறோம். ஒருவன் இரண்டு தரம் கருக்கினான்.

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அண்ணாமாரிடமும் அக்காமாரிடமும் கேட்பது ஒன்றுதான். புட்டுக்குள் கோதுமை மா கலந்ததோ என்று கேட்டால் "அரிசிமாதான் பிள்ளை, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ" என்று சும்மா சொல்லாதேங்கோ. கலந்திருந்தால் கலந்ததென்று சொல்லுங்கோ. சோறு இருக்கோ என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போறம்.