சருகு கொஞ்சம் கிடக்கட்டும்



ஐப்பசி பிறந்துவிட்டது. மழையோடு வடக்கத்திப் பறவைகளும் வந்து இறங்கும் காலம் இது. வலசைப் பறவை என்றதும் வேடந்தாங்கலும் கோடியக்கரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏரி, கடல் பக்கமே போகாமல் நம் வீட்டுக் கொல்லைக்கு வருபவையும் உண்டு.

வாழையடியில் சருகைப் புரட்டி இரை தேடும் ஆறுமணிக்குருவியைப் பாருங்கள். பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து வந்திருக்கிறது. வேலிப் புதருக்குள் 'சக், சக்' என்று சத்தம் கேட்டால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான்; அதன் பிறந்தகம் பின்லாந்திலிருந்து சைபீரியா வரை நீள்கிறது. கிணற்றடி ஈரத்தில் வாலாட்டி, முருங்கைக் கிளையில் பழுப்புக் கீச்சான் என்று இன்னும் பலர் வருவார்கள்.

வலசை வரும் பறவைகளில் பல, போன வருடம் தங்கிய இடத்துக்கே திரும்புகின்றன. காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் இதை உறுதிசெய்திருக்கிறார்கள். ஆகவே நாம் வெட்டித் தள்ளும் ஒரு புதர், ஏதோ ஒரு பறவை ஏப்ரல் வரை தங்க நினைத்து வந்த வீடாக இருக்கக்கூடும்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு கொல்லையையும் வழித்துவிடுகிறோம். சருகுக்கு அடியில்தான் புழுவும் பூச்சியும் இருக்கின்றன. ஒரு மூலையிலாவது அதைக் கூட்டாமல் விடுங்கள், பூச்சிமருந்து வேண்டாம். இரவில் தோட்டத்து விளக்கை அணைத்துவிடுங்கள். களைத்துப்போன ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் வந்து விழுந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் நின்று பார்த்து, கண்டதை ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவுசெய்தால் போதும். நம் கொல்லையும் அந்தக் கணக்கில் சேரும். பொங்கலுக்குள் உங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள். தை இதழில் அவற்றுக்கென்றே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்