அவர் சாப்பிடுவது என்ன மாத்திரை?

கல்யாணமாகி 2 வருஷத்தில் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றால், நம் வீடுகளில் மருமகளைத்தான் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். ஸ்கேனும் அவளுக்கே, அரச மரப் பிரதட்சிணமும் அவளுக்கே! ஆனால் பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கணவர் பக்கமும் காரணம் இருக்கிறது.

அதனால் என்னிடம் வரும் பெண்களிடம், "உங்க வீட்டுக்காரர் தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?" என்று கேட்பது என் வழக்கம். "இடுப்பு வலிக்கு மட்டும்தான் டாக்டர், ரொம்ப நாளா" என்றால், "அட்டையைக் கொண்டு வாங்கம்மா" என்பேன். பாராசிட்டமால் என்றால் இந்தக் கவலை இல்லை. டிரமடால் என்றிருந்தால் யோசிக்க வேண்டும்.

டிரமடால், மார்ஃபின், கோடீன் எல்லாம் அபின் வகை மருந்துகள். ஆபரேஷன் வலிக்கும் புற்றுநோய் வலிக்கும் அவை வரப்பிரசாதம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தொடரும்போதுதான் வம்பு.

ஆணின் விரைகளுக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. அங்கே ஹைபோதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. அடுத்தது விந்தணு உற்பத்திக்குத் துணை. இந்த மருந்துகள் அந்த உத்தரவையே அமுக்கிவிடுகின்றன. விளைவு அசதி, எரிச்சல், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. விந்தணுவும் குறையலாம். "என்னைப் பிடிக்கலையோ" என்று மனைவி தலையணையை நனைக்கிறாள். குறை அன்பில் இல்லையம்மா, ஹார்மோனில்!

மருந்தைக் குறைத்து நிறுத்தினால் பெரும்பாலும் ஹார்மோன் பழைய நிலைக்கு வரும். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகுமாதலால், சில மாதங்கள் பொறுமை வேண்டும்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்:

1. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படுத்திவிடும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

2. டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்குக் காலை 10 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். விந்துப் பரிசோதனையும் அவசியம்.

3. பிள்ளை வேண்டுமென்பவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. விந்தணு உற்பத்தி இன்னும் படுத்துவிடும்.

டிரமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. "போன தடவை கொடுத்ததையே கொடுங்க" என்று கடையில் கேட்டு வாங்கும் சரக்கல்ல அது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை டாக்டரிடம் இருவருமாகவே போங்கள். அவருடைய மருந்துச் சீட்டும் கூடவே வரட்டும்.