வேண்டாம் என்று சொல்லும் உரிமை

அமெரிக்காவில் பல அடுக்குமாடிக் கட்டிடங்களில் குடியிருப்போர் தலையில் ஒரு சுமை ஏறியிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு இன்டர்நெட் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். கட்டிடம் முழுவதும் அந்தக் கம்பெனியின் வைஃபைதான். குடியிருப்பவரை யாரும் கேட்பதில்லை. உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும், மாதாமாதம் வாடகையோடு சேர்த்துக் கட்டியே தீர வேண்டும்!

கருவியின் நிர்வாகம் கம்பெனியின் கையில். வேகம் போதவில்லை என்று வேறு கம்பெனியை நாடினால் இரட்டைச் செலவு. வீட்டுக்கு வீடு தடுப்புச் சரியாக இல்லையென்றால், அடுத்த வீட்டார் நம் கருவிகளை எட்டிப் பார்க்கவும் வழியுண்டு.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மலிவாகக் கிடைப்பதும் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் மலிவான சரக்குக்குக் கட்டாயம் எதற்கு?

விலகும் உரிமை வழங்க, மத்திய தகவல் தொடர்பு கமிஷனின் தலைவர் 2024-ல் ஒரு யோசனையை முன்வைத்தார். 2025 ஜனவரியில் புதிய தலைவர் வந்த சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. ஆனால் கலிபோர்னியா மாகாணம் சட்டமே இயற்றிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் ஏற்படும், புதுப்பிக்கப்படும் வாடகை ஒப்பந்தங்களில் குடியிருப்பவர் விலகிக்கொள்ளலாம். சொந்தக்காரர் மறுத்தால், அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

கூலியில் பிடித்தம் என்றால் என்னவென்று உழைப்பாளிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சம்மதம் கேளாமல் வாங்கும் காசு, எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்தமே. கலிபோர்னியாவில் கிடைத்த உரிமை எல்லா மாகாணங்களிலும் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.