சர்வர் இருக்கும் ஊரைக் கேட்டால் போதுமா?

இணையதளத்தின் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டு நீதிமன்றம் மட்டுமே அதை விசாரிக்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இல்லையென்றால் ஒரே தளம் உலகத்துச் சட்டங்கள் அத்தனைக்கும் அஞ்ச வேண்டியிருக்கும் என்பது அவர்களின் கவலை. கவலை நியாயமானது, தீர்வு அநியாயமானது.

அமெரிக்கப் பதிப்பு நிறுவனமான டவ் ஜோன்ஸ் இதே வாதத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் வைத்தது. அதன் 'பேரன்ஸ்' இதழ் மெல்போர்னில் வாழ்ந்த தொழிலதிபர் ஜோசப் கட்னிக்கைப் பற்றி 2000-இல் கட்டுரை வெளியிட்டது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்தபோது, சர்வர் நியூஜெர்சியில் இருப்பதால் வழக்கும் அங்கேதான் என்றது நிறுவனம். 2002 டிசம்பரில் நீதிமன்றம் மறுத்தது. அவதூறு, படிப்பவரின் திரையில் கட்டுரை வந்து சேரும் இடத்தில் நிகழ்கிறது. கட்னிக்கின் நற்பெயர் மெல்போர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தில் இருந்தது. ஒருவருக்கு நற்பெயர் இருக்கும் இடத்தில்தான் வழக்குக்குப் பொருள் உண்டு என்பதால், எல்லா நாட்டுச் சட்டங்களும் பாயும் என்ற அச்சமும் மிகையானது.

எந்த நாட்டுப் பயனர் என்று தளத்துக்குத் தெரியாது என்ற வாதமும் நிற்காது. அதே 2000-இல், தன் தளத்தில் நாஜிப் பொருட்கள் ஏலம் விடப்பட்டது குறித்துப் பிரான்ஸில் நடந்த வழக்கில், பிரான்ஸ் பயனர்களைப் பிரித்தறிய முடியாது என்றது யாஹூ. அவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் விளம்பரம் காட்ட மட்டும் அதனால் முடிந்தது.

ஒரு நாட்டு நீதிமன்றம் உலகம் முழுவதற்கும் தடை விதிப்பதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் ஒரு நாட்டில் வாசகரைத் தேடிச் சம்பாதிக்கும் தளம், அந்த நாட்டு மக்களுக்கு இழைத்த தீங்குக்கு அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.